வளையம் விழுந்த சேலை

தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாயில் காற்று வரும். தாராவியில் எங்கள் சந்து முழுவதற்கும் ஒரே குழாய்தான். விடிவதற்குள் குடங்கள் வரிசைக்கு வந்துவிடும், பெண்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்பார்கள். குழாய் முதலில் ஒரு தடவை இருமும். பிறகு ‘ப்ச்... ப்ச்...’ என்று வாயை மூடித் திறப்பதுபோல ஒரு சத்தம் போடும். அதற்குப் பிறகுதான் தண்ணீர். எல்லோருக்கும் அது தண்ணீர் வரப்போகிற சத்தம், சந்தோஷமான சத்தம். எங்கள் மதினிக்கு மட்டும் அது வேறு.

மதினியின் முதல் குழந்தை பெண். மேலுதடு நடுவில் பிளந்து அந்தப் பிளவு மூக்குவரை ஏறியிருந்தது. அதற்குப் பால் இழுக்க வரவில்லை. வாய் வைக்கும், இழுக்கும், காற்றுதான் போகும். மதினி துணியை நனைத்து நனைத்து வாயில் பிழிந்து பார்த்தாள். சில நாள்தான் இருந்தது. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு ஒரே அறை, நடுவில் ஒரு பழைய சேலை திரை. திரைக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டேன். குழந்தை போன பிறகும் குழாய் அதைத் தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. மதினி அதன் முன்னால் குடத்தோடு நிற்பாள். வேறு யாரையும் தண்ணீருக்குப் போக விடமாட்டாள்.

அம்மாவுக்குக் காரணம் தெரிந்திருந்தது. மதினி உண்டாகியிருந்த அந்த வருஷம்தான் எட்டுக் கிரகமும் ஒரே ராசியில் கூடுகிறது, உலகம் அழியப்போகிறது என்று நாடே நடுங்கியது. மாட்டுங்காவில் யாகம் வளர்த்தார்கள், எங்கள் சந்தில் விளக்குப் பூஜை போட்டார்கள். உலகம் அழியவில்லை. ஆனால் அதே அமாவாசைக்கு சூரிய கிரகணமும் சேர்ந்து வந்ததாம். மதினி அன்று விடியலில் குழாயடிக்குப் போயிருந்தாள்.

“வயித்துப் பிள்ளைக்காரி கிரகணத்துல வெளிய போனா பிள்ளை மூளியாத்தான் பொறக்கும். நம்மூர்ல பச்சப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்.”

அம்மா இதைக் கத்திச் சொன்னதே இல்லை. இட்லி வாங்க வருகிறவர்களிடம் சட்னி ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொல்வாள். எங்கள் வீட்டு வாசலில் அம்மா காலையில் இட்லி அவித்து விற்றாள். வொர்க்‌ஷாப்புக்கும் தோல் ஷாப்புக்கும் போகிற திருநெல்வேலி ஆட்கள் பாதிப்பேர் அங்கேதான் சாப்பிட்டார்கள். ஆகவே சந்து முழுவதும் தெரிந்துவிட்டது. மதினி பக்கத்தில் உட்கார்ந்து மாவு கரைத்துக்கொண்டிருப்பாள். அண்ணன் மாட்டுங்கா ரயில்வே வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அம்மாவை ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லமாட்டான், மதினியையும் ஒரு வார்த்தை குறைசொல்லமாட்டான். வேலை விட்டு வந்து கை கழுவுவான். கறுப்பு மசகு போகப் போகத் தேய்ப்பான். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் காலேஜ் படி மிதித்த முதல் ஆள் நான். அதுவும் சயன்ஸ். அந்த வயசில் எதைக் கேட்டாலும் எனக்கு உடனே தெரிந்தாக வேண்டும், தெரிந்ததை உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டும். எங்கள் பௌதிக வாத்தியார் மராத்திக்காரர். ஒரு நாள் வகுப்பில் கிரகணம் பற்றிப் பேசினார். வகுப்பு முடிந்ததும் ஓடிப்போய் அந்த எட்டுக் கிரக அமாவாசையைப் பற்றிக் கேட்டேன். அவர் சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கொண்டே சிரித்தார்.

“அதுவா? அது முழு கிரகணம். ஆனால் நிழல் விழுந்தது பசிபிக் சமுத்திரத்தில். நமக்கு அப்போது சூரியனே உதிக்கவில்லையே.”

மாட்டுங்காவிலிருந்து தாராவிவரை ஓடியே வந்தேன். அன்றைக்கு கிரகணமே கிடையாது! பம்பாயில் கிடையாது, இந்தியாவிலேயே கிடையாது! செய்யாத ஒன்றுக்காக மூன்று வருஷமாக ஒருத்தி தலை குனிந்து மாவு கரைத்துக்கொண்டிருக்கிறாள்!

அம்மா இட்லித் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் மூச்சுவாங்கச் சொல்லி முடித்தேன். அம்மா துணியைப் பிழிந்து உதறினாள்.

“ஏல, கண்ணுக்குத் தெரியலன்னா இல்லன்னு ஆயிருமா? இருட்டுல காலு பக்கத்துல பாம்பு போச்சுன்னா, பாம்பே போகலன்னு சொல்லுவியோ?”



சரி, மதினியாவது சந்தோஷப்படுவாள் என்று திரும்பினேன். அவள் ஆட்டுக்கல்லில் கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப நான் பாத்தது என்ன தம்பி?”

“எத மதினி?”

“குழாயடியில நிக்கேன். விடிஞ்சு வருது. நல்லா வெளுத்துட்டு. பொறவு திரும்ப இருட்டிட்டு. ஒரு கொடம் நெறையுற நேரம் இருக்கும். யாரும் ஒண்ணும் சொல்லல. எனக்கு மட்டுந்தான் அப்படித் தெரிஞ்சுதோ என்னமோ.”

“மேகமா இருக்கும் மதினி.”

“இருக்கும்,” என்றாள். குழவி மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

அந்த வருஷம்தான் பாகிஸ்தானோடு யுத்தம். மாலையானால் விளக்கை மறைக்க வேண்டும், மாட்டுங்கா வீடுகளின் ஜன்னல் கண்ணாடியெல்லாம் கறுப்புக் காகிதம். எங்கள் சந்தில் கண்ணாடி ஏது? தகரம்தான். கிழக்குச் சுவர் தகரம் முழுக்க ஆணி ஓட்டை. “வெளிச்சம் வெளிய தெரியுது” என்று வார்டன் வந்து சத்தம் போட்டான். அண்ணன் விளக்கையே அணைத்துவிட்டான். யுத்தம் நின்றும் காகிதங்கள் அப்படியே இருந்தன. அப்போதுதான் வாத்தியார் சொன்னார்: கார்த்திகை அமாவாசையன்று காலையில் வடக்கே ஒரு கிரகணம் வருகிறது. முழு கிரகணம் அல்ல, கங்கண கிரகணம். நிலா சூரியனின் நடுவில் போய் நிற்கும், ஓரத்தில் ஒரு நெருப்பு வளையம் மட்டும் மிஞ்சும். பம்பாயில் பாதி சூரியன்தான் மறையும். வளையம் பார்க்க வேண்டுமென்றால் இமயமலைப் பக்கம் போக வேண்டும்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. வீட்டில் வேறு பேச்சே கிடையாது. தட்டை நிலாவாக்கி, விளக்கைச் சூரியனாக்கி, அண்ணன் தலையைப் பூமியாக்கிக் காட்டினேன். “தலைய விடுல, குளிக்கணும்,” என்றான் பூமி.

மதினி அப்போது மறுபடி உண்டாகியிருந்தாள். அம்மா அவளைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். பழம் வாங்கிக் கொடுத்தாள், கனம் தூக்க விடவில்லை. கூடவே ஒரு நாள், அதே சாதாரணக் குரலில், “இதுவும் மூளியாப் பொறந்துட்டுன்னா நீ ஒங்க அம்மை வீட்டோட போயிரணும் கேட்டியா. எம் மவனுக்கு வேற பாக்கணும்,” என்றாள். மதினி ‘சரி அத்தை’ என்றாள். அண்ணன் கை கழுவிக்கொண்டிருந்தான்.

வடக்குப் பயணத்தைத் தொடங்கி வைத்ததே அம்மாதான். நான் நாளெல்லாம் வடக்கு, வடக்கு என்று கத்தியதில் அவளுக்கு கங்கை ஞாபகம் வந்துவிட்டது. “கிரகணத்தன்னைக்கு கங்கையில முங்குனா எந்தத் தோஷமும் போயிரும்பாவ. ரயில்வே பாஸ் சும்மாத்தான கெடக்கு. இவளக் கூட்டிட்டுப் போ. கிரகணம் பிடிக்கதுக்கு முன்ன சத்திரத்து ரூம்புல வச்சுக் கதவ அடச்சிரு. விட்ட பொறவு கூட்டிட்டு வந்து முழுக்காட்டு.”

“நீயும் வாயேன்ம்மா,” என்றான் அண்ணன்.

“நா வந்தா இட்லிய யாரு அவிப்பா? நாலு நாள் அடுப்பு எரியலன்னா இந்தப் பயலுவ அடுத்தவ வாசல்ல போய்க் குத்தவச்சிருவானுவ. பொறவு திரும்பமாட்டானுவ. அதோட, என்னைய அங்கனயே விட்டுட்டு வந்துட்டியன்னா?”

அண்ணனின் பாஸில் படிக்கிற தம்பிக்கும் இடம் உண்டு. எனக்குக் கால் தரையில் படவில்லை. நாங்கள் முழுக்குக்குப் போகிற ஹரித்வாரில் வளையம் முழுசாகத் தெரியாது, அங்கிருந்து பஸ் பிடித்து மலைக்குள் போக வேண்டும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். நான் மட்டும் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவதாகத் திட்டம். மறுநாள் விடியலில் குடம் தூக்கக் கூடப் போனபோது மதினி குழாய்ச் சத்தத்துக்கு நடுவில் மெதுவாகச் சொன்னாள்:

“நானும் மலைக்கு வாரேன் தம்பி. நானும் பாக்கணும்.”

“மதினி...”

“பாக்காமலே பழிய ஏத்துக்கிட்டாச்சு. இந்தத் தடவை பாத்துட்டே ஏத்துக்கிடுதேன். அன்னைக்கு நான் கண்டது அதுதானா, வேறயான்னு எனக்குத் தெரியணும். தெரியாம இன்னொரு பிள்ளையப் பெத்து, அது மூஞ்சிய எப்படிப் பாக்க?”

கிரகணத்தால் உதடு பிளக்காது என்று எனக்குத் தெரியும். அடித்துச் சொல்வேன். ஆனால் அவள் வயிற்றைப் பார்த்தபோது அதைச் சொல்லாமல் குடத்தைத் தூக்கித் தோளில் வைத்தேன். அண்ணனிடம் சொன்னால் தடுத்துவிடுவான் என்று நினைத்தேன். மதினியே சொன்னாள், என் முன்னாலேயே. அண்ணன் பீடியை அணைத்துக் காதில் செருகினான். பிறகு, “மலையில குளிரும். போர்வை ரெண்டா எடுத்துக்க,” என்றான்.

சந்து முனையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த பாயிடம் கண்ணாடி கேட்கப் போனேன். அவரும் நம் பக்கத்துக்காரர்தான், கடையநல்லூர்.

“ஆர்க் வெல்டிங் கண்ணாடி வேணும் பாய். உள்ளதிலயே கறுப்பா.”

“எதுக்கு?”

“சூரியனப் பாக்க.”

“ஏன்வே, சூரியன் ஒடஞ்சு போச்சோ? ஒட்டு வைக்கப் போறீரோ?” பட்டறையே சிரித்தது. பிறகு கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “நாங்க அந்நேரம் தொழுவோம். நிமிர்ந்து பாக்க மாட்டோம். நீ பாத்துட்டு வந்து சொல்லு.”

ரயிலில் மூன்றாம் வகுப்பு. லீவில் ஊருக்குப் போகிற பட்டாளத்துக்காரர்கள் நிறையப்பேர். எங்கள் பம்பாய் ஹிந்தியைக் கேட்டு அவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அண்ணன் ‘சர்க்கோ’ என்று நகரச் சொன்னதை அவனைப் போலவே சொல்லிக் காட்டினார்கள். ஆனால் மதினியைப் பார்த்ததும் எழுந்து ஜன்னல் ஓரம் கொடுத்தார்கள். ஒருத்தனுக்கு இடது கையில் கட்டு. அவன் வழியெல்லாம் பேசவில்லை. வண்டி எங்காவது திடீரென்று நின்றால் மட்டும் கதவைப் பார்ப்பான். மதினி அவனையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“இவுகளும் என்னத்தையோ பாத்துட்டு வந்திருக்காவ,” என்றாள் என்னிடம்.

நான் கோடு, நிழல், கோணம் என்று ஏதோ விளக்கிக்கொண்டே வந்தேன். பேசினால் பயம் வராது என்று எனக்கு ஒரு நினைப்பு.

ஹரித்வாரில் கங்கைக் கரை முழுக்க ஜனம் சேர ஆரம்பித்திருந்தது. நாங்கள் எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினோம். மலை ஏற ஏற மதினி போர்வையை இழுத்து இழுத்து வயிற்றைச் சுற்றிக்கொண்டாள். சாயங்காலம் ஒரு சின்ன ஊரில் இறங்கினோம். ஊர் என்ன, ரோட்டோரம் பத்துப் பதினைந்து வீடு, ஒரு டீக்கடை. கிழக்கே பள்ளத்தாக்கு திறந்து கிடந்தது. எனக்கு அது போதும். டீக்கடைக்காரர் கடைக்குப் பின்னால் படுக்க இடம் கொடுத்தார்.

காலையில் வானம் கழுவி வைத்த மாதிரி இருந்தது. மலை விளிம்பில் சூரியன் ஏறிக் கொஞ்ச நேரத்தில் நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக் கத்தினேன். ஓரத்தில் ஒரு கடி! டீக்கடைக்காரர் அதற்காகவே காத்திருந்தவர்போல அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தார். கொதித்த டீயைக் கீழே கொட்டினார். வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. உள்ளே போகுமுன் அவர் மதினியைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

“பாகல் ஹோ க்யா? பைத்தியமா உனக்கு? இவளை உள்ளே உட்கார வை!”

அண்ணன் தலையை ஆட்டினான். அவர் கதவைச் சாத்தித் தாழ்போட்டது கேட்டது. இப்போது வெளியில் நாங்கள் மூன்று பேர்தான்.

வெயில் மாறியது. அதை எப்படிச் சொல்வது? மேகம் மறைக்கும்போது வருகிற மங்கல் அல்ல. வெயில் வெயிலாகவே இருந்தது, ஆனால் அதிலிருந்து எதையோ எடுத்துவிட்டார்கள். அண்ணனின் முகம் பழைய போட்டோவில் இருக்கும் செத்துப்போனவர்களின் முகம் மாதிரி இருந்தது. குளிர் திரும்ப ஏறியது. எங்கோ ஆடுகளின் மணி கேட்டுக்கொண்டிருந்தது, அதுவும் நின்றது.

“இந்தாங்க மதினி. இப்ப பாருங்க, பாதி போயிட்டு.”

மதினி கண்ணாடியை வாங்கினாள். முகத்துக்கு நேரே தூக்கினாள். கண்ணுக்குக் கொஞ்சம் கீழே கை நின்றுவிட்டது.

“கை வரல தம்பி.”

“ஒண்ணும் ஆகாது மதினி, நான் சொல்லுதேன்லா.”

“நீ சொன்னா ஆகாது. தெரியும். கை வரல.”

கண்ணாடியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கடையின் பக்கவாட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். வெள்ளையடித்த சுவர். அதற்கு எதிரே ஒரு பெரிய மரம், சின்னச் சின்ன இலை, பேர் தெரியாது. மரம் சூரியனை மறைத்தது. அவள் போர்வையை விலக்கி, முந்தானையை விரித்து வயிற்றை மூடி, இரண்டு கையையும் அதன்மேல் வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இவ்வளவு தூரம் வந்ததற்கு இதுதானா என்று எனக்கு ஒரு நிமிஷம் எரிச்சல்கூட வந்தது.

பிறகு எனக்கு வானத்தைத் தவிர எதுவும் ஞாபகமில்லை. பிறை மெலிந்தது, வளைந்தது, இரண்டு கொம்பும் ஒன்றை ஒன்று தேடிப்போய்ச் சேர்ந்தன. வளையம்! வானத்தில் ஒரு ஓட்டை, ஓட்டையைச் சுற்றி நெருப்பு. நான் என்ன கத்தினேனோ, என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. “மதினி! ஒரு தடவை பாருங்க மதினி!” என்று திரும்பினேன்.

சுவர் முழுக்க வளையம்.

நூறா, ஆயிரமா? இலைகளின் இடுக்கு ஒவ்வொன்றும் ஒரு சூரியனைப் பிடித்துச் சுவரில் எறிந்திருந்தது. வாத்தியார் சொல்லியிருந்தார், சின்ன ஓட்டை வழியாக வருகிற வெளிச்சம் சூரியனின் வடிவத்தையே வரையும் என்று. எனக்கு மறந்தே போயிருந்தது. மதினியின் தலையில் வளையம், மூடிய கண் இமையில் வளையம், தோளில், கையில், வயிற்றை மூடிய சேலைமேல் நெருக்கமாக, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு. இலை அசைந்தபோது அவையும் மூச்சுவிடுவதுபோல அசைந்தன. பார்க்காமல் ஒளிந்துகொண்ட இடத்தில் அவளைத் தேடி வந்து மொய்த்துக்கொண்டிருந்தன.

அண்ணன் என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினான். மரத்துக்கும் அவளுக்கும் நடுவில் போய்க் கையை அகல விரித்து நின்றான். வளையங்கள் அவள்மேலிருந்து போய் அவன் முதுகில் ஏறிக்கொண்டன. அம்மாவுக்கும் மதினிக்கும் நடுவில் ஒரு நாளும் அவன் இப்படி நின்றதில்லை. மதினி நிழல் தட்டிக் கண்ணைத் திறந்தாள். அவனைப் பார்த்தாள். தன் இரண்டு பக்கமும் சுவரில் வளையங்கள் நெளிகிறதைத் திரும்பிப் பார்த்தாள்.

“வெலகுங்க,” என்றாள்.

“ஏட்டி, வயித்துல விழுது...”

“வெலகுங்கன்னு சொல்லுதேன்லா. விழட்டும்.”

அண்ணன் கையை இறக்கினான். ஒரு அடி தள்ளி நின்றான். மறுபடி அவை அவள்மேல் வந்தன. மதினி உள்ளங்கையை நீட்டினாள். ஒரு வளையம் அதில் வந்து உட்கார்ந்தது. தொட்டுப் பார்க்கிற மாதிரி விரலை மடக்கினாள்; அது விரலின் மேலே ஏறிக்கொண்டது.

“இதுதானா தம்பி?”

“இதுதான் மதினி.”

“இது நல்லா இருக்கே.” வளையங்கள் ஒரு பக்கம் அறுந்து பிறைகளாக மாற ஆரம்பித்தன. “அன்னைக்கு நான் கண்டது இது இல்ல. வெளிச்சமும் இப்படி இல்ல, எதுவும் இப்படி இல்ல.”

“அதான் நான் சொன்னேனே மதினி! அன்னைக்கு கிரகணமே இல்ல!”

நான் ஜெயித்துவிட்ட மாதிரி குதித்தேன். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

“அப்ப அது என்ன தம்பி?” என்றாள். “கிரகணம் இல்லன்னா, எதுக்கு எம் மொதப் பிள்ளை அப்படி வந்தா?”

அண்ணன் அவள் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். ஆடுகளின் மணி திரும்பக் கேட்டது. உள்ளே தாழ்ப்பாள் திறந்தது.

கங்கையில் முழுகிவிட்டுப் பம்பாய் திரும்பினோம். அம்மா, “கதவ அடச்சு வச்சிருந்தியால?” என்று அண்ணனிடம் கேட்டாள். அண்ணன் ‘உம்’ என்றான். வெல்டிங் பாயிடம் மட்டும் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “சுபஹானல்லாஹ்,” என்றார். கண்ணாடியைத் திருப்பி வாங்கி வெகுநேரம் துடைத்தார்.

பங்குனியில் குழந்தை பிறந்தது. மறுபடி பெண். ஆஸ்பத்திரியில் அம்மா துணியை விலக்கி முதலில் உதட்டைத்தான் பார்த்தாள். விரலால் தடவினாள். முழு உதடு. குழந்தை அந்த விரலையே இழுத்துச் சப்பியது. எங்கள் அம்மா அழுததை அன்றுதான் பார்த்தேன்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டியதே இல்லை. மறுநாளிலிருந்து அம்மா இட்லியோடு சேர்த்து விளம்பினாள்: “இந்தத் தடவை சொன்ன சொல்லு கேட்டு ரூம்புல கதவ அடச்சு இருந்தா. பிள்ளை முத்து மாதிரிப் பொறந்திருக்கு. அப்பமும் இப்படிக் கேட்டிருந்தா அந்த உசுரு போயிருக்குமா?” சொல்வது பாராட்டு. சாப்பிடுகிறவர்கள் ‘ஆமா ஆமா’ என்பார்கள். முழு உதட்டோடு பிறந்த பிள்ளையே பழைய குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது. முன்னால் சந்தேகப்பட்டவர்களுக்கும் இப்போது சந்தேகமில்லை. மதினி திரைக்கு உள்ளே பால் கொடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தொட்டில் போட்ட அன்று சந்துப் பெண்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அவர்கள் போன பிறகு அம்மா மறுபடி ஆரம்பித்தாள். தொட்டிலை ஆட்டிக்கொண்டே, “ரூம்புக்குள்ள இருந்ததுனாலதான்...”

“நான் ரூம்புக்குள்ள இல்ல அத்தை.”

அம்மாவின் கை நின்றது.

“மலைக்குப் போனோம். நான் வெளியதான் இருந்தேன். கிரகணம் எம் மேல விழுந்துச்சு. வயித்து மேலயே விழுந்துச்சு, வளையம் வளையமா. இவுக மறைக்கப் பாத்தாவ, நாந்தான் வெலகச் சொன்னேன். அதுக்குப் பொறவுதான் இவ இப்படிப் பொறந்திருக்கா.”

நான் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் எழுந்து போய் மதினிக்குப் பக்கத்தில் நின்றான். கை கழுவப் போகவில்லை.

அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கிழக்குத் தகரச் சுவரைப் பார்த்தாள்.

“வளையமாவா விழுந்துச்சு?” என்றாள். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. “எனக்குப் பிறையா விழுந்துச்சு.”

எங்களுக்குப் புரியவில்லை.

“நீங்க மலைக்குப் போன அன்னைக்குத்தான். இங்க. கதவ அடச்சாச்சு, அடுப்ப அணச்சாச்சு. தாம்பாளத்துல தண்ணிய ஊத்தி, கிரகணம் விடுதவரைக்கும் தானா நிக்கும்னு உலக்கைய நிறுத்திட்டு உக்காந்திருந்தேன். அதுக்கு எதுத்த சொவத்துல பூராவும் சின்னச் சின்னதா பிறை. சாமி படத்துல, உலக்கையில. எஞ் சேலையில. தட்டுனேன், போகல. கண்ண மூடிக்கிட்டேன். ஒருத்தர்ட்டயும் சொல்லல.”

ஆணி ஓட்டைகள்! பம்பாயில் பாதி மறைந்த சூரியன் தகரத்தின் ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் உள்ளே வந்திருக்கிறது. நான் வாயைத் திறந்தேன், விளக்கம் சொல்ல. அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

“கதவ அடச்சாலும் உள்ள வருதுன்னா,” என்றாள் அம்மா, தொட்டிலைப் பார்த்து அல்ல, மதினியைப் பார்த்து, “அப்ப அந்த மூத்தவ...”

அதற்குமேல் சொல்லவில்லை. மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் சொல்லவில்லை. மதினியும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து இட்லி வாசலில் அந்தப் பேச்சு நின்றது. யாராவது எடுத்தாலும், “சாப்பிட்டுட்டுப் போலே, ஒனக்கு என்ன,” என்று விடுவாள்.

தொட்டில் போட்ட மறுநாள் அம்மா எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். தார் உருக்கித் தந்து, தகரத்தில் ஒரு ஓட்டை விடாமல் அடைக்கச் சொன்னாள். நான் அடைத்தேன். வீடு பகலிலும் இருட்டானது. குழந்தையைக் குளிப்பாட்டும்போது அம்மா அதன் முதுகையும் வயிற்றையும் விளக்குக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், ஏதோ ஒரு குறை தாமதமாக வந்து சேரப்போகிற மாதிரி. மனுஷன் நிலாவில் கால் வைத்துவிட்டான் என்று நான் ஓடிவந்து சொன்னபோதும் அவள் முதலில் குழந்தையைத்தான் பார்த்தாள்.

ஒரு ஓட்டை மட்டும் இருக்கிறது. தொட்டில் கட்டியிருந்த மூலையில், இடுப்பு உயரத்தில். நான் அதையும் தார் வைத்து அடைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. யாரோ கொண்டை ஊசியால் குத்தித் திறந்திருக்கிறார்கள். காலையில் அது வழியாக ஒரு வட்டம் எதிர்ச்சுவரில் விழுகிறது, நாலணா நாணயம் அளவுக்கு. குழந்தை அதைப் பிடிக்கப் பிடிக்க அது அவள் கைமேல் ஏறிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் சிரிப்பாள். மதினி மாவு கரைப்பதை நிறுத்திவிட்டு அதைப் பார்ப்பாள். அம்மாவும் பார்க்கிறாள். தார்ச் சட்டி அம்மாவின் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது.

விடியலில் குழாய் இன்னும் அதே சத்தம்தான் போடுகிறது. இப்போதெல்லாம் மதினியோடு அம்மாவும் எழுந்து ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு போகிறாள். இரண்டு பேரும் இருட்டில் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள், தண்ணீர் வருகிறவரைக்கும்.